சோப்புக்குச் சாகாத வைரஸ்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னைப் பேசக் கூப்பிட்டபோது பொருளாளர் அக்கா ஒண்ணு சொன்னாங்க: "கேன்சர் பத்திப் பேசுங்க, ஆனா பயமுறுத்தாதீங்க." நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை மேசை பக்கத்தில் நின்றே பல வருஷம் போயிருக்கு. பயமுறுத்தினால் யாரும் வரமாட்டாங்க என்பது எனக்கும் தெரியும். அதனால் அந்தப் புற்றுநோயை உண்டாக்குகிற வைரஸைப் பற்றிப் பேசறேன். அது எப்படி இருக்கு, உடம்புக்குள்ளே எப்படி நுழையுது, நுழைஞ்சு என்ன செய்யுது. இது புரிஞ்சுட்டா, பரிசோதனை எதுக்கு, தடுப்பூசி எதுக்குன்னு நீங்களே மத்தவங்களுக்குச் சொல்லிடுவீங்க.

வைரஸ் என்றதும் நமக்குக் கொரோனாதான் ஞாபகம் வரும். 2020-இல் நம்ம குழுப் பெண்கள் எத்தனை பேர் முகக்கவசம் தைச்சீங்க, எத்தனை வீட்டு வாசலில் நின்னு சோப்பு போட்டுக் கை கழுவச் சொன்னீங்க! ஏன் சோப்பு? கொரோனா வைரஸைச் சுற்றிக் கொழுப்பால் ஆன ஓர் உறை இருக்கு. எண்ணெய்ப் பிசுக்கு ஏறின பாத்திரத்தில் சோப்பு என்ன செய்யுமோ, அதையேதான் அந்த உறைக்கும் செய்யும். உறை கரைஞ்சா வைரஸ் குலைஞ்சு போகும்.

நான் சொல்ல வந்த வைரஸுக்கு அந்த உறையே கிடையாது. பெயர் ஹியூமன் பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக எச்.பி.வி. வெளியே இருப்பது புரதத்தால் ஆன ஓடு மட்டும்தான். கரைப்பதற்குக் கொழுப்பு இல்லாததால் சோப்பும் சானிடைசரும் இதனிடம் அவ்வளவாகப் பலிக்காது. "சுத்தமா இருந்தா இந்த நோய் வராது" என்று நம்ம ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது சரியில்லை. தினம் இரண்டு வேளை குளிக்கிறவங்களுக்கும் வரும். வந்தவங்களைச் சுத்தமில்லாதவங்க என்று நினைக்கவும் கூடாது.

அந்த ஓட்டைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஏறத்தாழ 18,000 வைரஸ்களை வரிசையாக நிறுத்தலாம், அவ்வளவு சின்னது. ஓட்டில் இருக்கிற முக்கியமான புரதத்துக்கு எல்1 என்று பெயர். ஐந்து எல்1 சேர்ந்தால் ஐந்து இதழ்ப் பூ மாதிரி ஒரு அமைப்பு. அப்படி 72 பூக்கள் நெருக்கமாகக் கோத்துக்கொண்டு உருண்டையானால் ஓடு தயார். கணக்குப் போட்டுப் பாருங்க, 360 எல்1. இதை யாரும் உட்கார்ந்து கட்ட வேண்டியதில்லை. அந்தப் புரதம் போதிய அளவு இருந்தாலே தானாக ஒன்றோடொன்று சேர்ந்து உருண்டையாகிவிடும். இதை மட்டும் ஞாபகத்தில் வெச்சுக்கோங்க, தடுப்பூசியைப் பற்றிப் பேசும்போது திரும்பி வருவேன். ஓட்டின் உட்பக்கம் எல்2 என்று இன்னொரு புரதம் கொஞ்சம் இருக்கு.

ஓட்டுக்குள்ளே வளையமாக ஒரு டி.என்.ஏ. எழுத்துக் கணக்கில் சொன்னால் சுமார் 8,000 எழுத்து. மனிதருடையது 300 கோடி எழுத்து. அவ்வளவுதான் இந்த வைரஸ். சாப்பிடாது, மூச்சு விடாது, தானாக வளராது. தன்னைப் போல இன்னொன்றைச் செய்ய அதனிடம் ஒரு கருவிகூட இல்லை. கருவியெல்லாம் நம்ம செல்லுக்குள் இருக்கு.

நம்ம தீர்மான நோட்டை நினைச்சுக்கோங்க. யாரோ நடுவில் ஒரு பக்கத்தைச் செருகி, "இன்னாருக்கு இவ்வளவு கடன் கொடுக்கத் தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதி வெச்சுட்டாங்க. அடுத்துப் படிக்கிறவங்க அதையும் குழுவின் தீர்மானம்னுதான் எடுத்துப்பாங்க. செல்லும் அப்படித்தான். எழுதியிருந்தால் செய்யும். யார் எழுதினது என்று கேட்காது.

சரி, எப்படிச் செருகுது? கர்ப்பப்பை கீழே குறுகி முடிகிற இடம்தான் கர்ப்பப்பை வாய். அதன் மேல்தோல் பல அடுக்கு. அடியில் இருக்கிற அடுக்குதான் நாற்றங்கால். புதுச் செல்கள் அங்கே பிறக்கும். பிறந்த செல் மெல்ல மேலே ஏறி, தட்டையாகி, கடைசியில் உதிர்ந்துவிடும். மேல் அடுக்கில் ஒட்டின வைரஸுக்கு ஒரு லாபமும் இல்லை. செல் உதிரும்போது அதுவும் சேர்ந்து போயிடும். அடி அடுக்கைப் பிடித்தால்தான் பிழைப்பு.

அதற்கு வழி கீறல். உறவின்போது கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் கீறல்கள் உண்டாகும். வலிக்காது, ரத்தம் வராது. அந்த வழியாக வைரஸ் கீழே இறங்கி, அடி அடுக்குக்குக் கீழே இருக்கிற ஒரு மெல்லிய சவ்வில் முதலில் ஒட்டும். ஒட்டியதும் ஓட்டின் வடிவம் சற்று மாறும், உள்ளே இருந்த எல்2 வெளியே தலை நீட்டும். அதை வெட்டிச் சரிசெய்து கொடுப்பது நம்ம உடம்பிலேயே இருக்கிற ஒரு நொதி! பிறகு வைரஸ் பக்கத்துச் செல்லுக்குக் கை மாறும். செல் அதை ஒரு சின்னப் பையாகச் சுருட்டி உள்ளே இழுத்துக்கொள்ளும். எதையும் உடைத்துக்கொண்டு போகவில்லை பாருங்க, கதவைத் திறந்துவிட்டது நாமதான்.

உள்ளே வந்த பிறகும் காரியம் முடியவில்லை. செல்லின் டி.என்.ஏ. உட்கருவுக்குள் இருக்கு, அதைச் சுற்றிச் சவ்வு. வைரஸ் காத்திருக்கும். செல் இரண்டாகப் பிரியும்போது அந்தச் சவ்வு கொஞ்ச நேரம் கலையும். அந்தச் சமயம் பார்த்து உட்கருவுக்குள் சேர்ந்துவிடும்.

அங்கே அது ஆர்ப்பாட்டம் செய்யாது. அடி அடுக்குச் செல்லில் கொஞ்சம் நகல்களோடு அமைதியாக இருக்கும். செல் மேலே ஏறும்போதுதான் அதற்கு வேலை. ஆனால் மேலே ஏறுகிற செல் பிரிவதை நிறுத்திவிடும், நகல் எடுக்கிற கருவிகள் ஓய்ந்துவிடும். அவற்றை ஓட வைக்க வைரஸ் இ6, இ7 என்று இரண்டு புரதங்களைச் செய்ய வைக்கும். நம்ம செல்லில் இரண்டு பிரேக் இருக்கு. ஒன்று, "தேவையில்லாமல் பிரியாதே" என்று பிடிக்கும். இன்னொன்று, "டி.என்.ஏ. பழுதாயிருக்கு, நில்லு, சரிசெய், முடியாட்டி செத்துப்போ" என்று சொல்லும். முதல் பிரேக்கை இ7 செயலிழக்க வைக்கும், இரண்டாவதை இ6 அழித்துவிடும். மேல் அடுக்குக்கு வந்ததும் ஆயிரக்கணக்கில் நகல்கள், ஓடுகள் எல்லாம் தயாராகி, உதிர்கிற செல்லோடு வெளியே போய்விடும். ரத்தத்தில் கலக்காது. காய்ச்சல், வலி, அரிப்பு எதுவும் இருக்காது. "எனக்கு ஒண்ணும் இல்லையே" என்று பெண்கள் சொல்வது பொய்யில்லை. அவங்களுக்குத் தெரிய வழியே இல்லை.

இதில் நல்ல செய்தியும் இருக்கு. பத்துப் பேருக்கு வந்தால் ஏறக்குறைய ஒன்பது பேருக்கு, இரண்டு வருஷத்துக்குள் உடம்பே இதை அடக்கிவிடும்.

இப்போ சொல்லப்போறதைப் பக்கத்துல பேசாம கேளுங்க. இது உறவின் வழியாகப் பரவுகிற வைரஸ் என்று சொன்னதுமே, "யார்கிட்ட இருந்து வந்துச்சு?" என்ற கேள்வி வீட்டில் கிளம்பும். ஒரு முறை பரிசோதனையில் வெள்ளைத் திட்டு தெரிந்த பெண்ணின் மாமியார் அறைக்கு வெளியிலேயே இதைக் கேட்டார். நான் சொன்ன பதில்: "அம்மா, திருமணமானவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு, ஆணோ பெண்ணோ, எப்பவாவது ஒருமுறை இது வந்து போகும். உங்களுக்கும் வந்து போயிருக்கலாம். வருஷக்கணக்கா ஒளிஞ்சிருக்கிற வைரஸ் எப்ப வந்தது, யார் மூலமா வந்ததுன்னு எந்த டாக்டராலும் சொல்ல முடியாது." அந்த அம்மா அப்புறம் பேசவில்லை. மருமகளோடு மறுநாள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனது அவங்கதான். இந்த வைரஸை வெச்சு ஒரு பெண்ணின் நடத்தையை எடை போடுவது அறிவியலும் இல்லை, நியாயமும் இல்லை. பயத்தைவிட இந்தச் சந்தேகப் பேச்சுதான் அதிகம் பேரைப் பரிசோதனைக்கு வராமல் தடுக்குது என்பது என் அனுபவம்.

சில பேருக்கு வைரஸ் போகாமல் தங்கிவிடும். எச்.பி.வி.யில் 200-க்கும் மேற்பட்ட வகை உண்டு. 16, 18 என்ற இரண்டு எண்கள் மட்டும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம். வருஷக்கணக்கில் தங்கும்போது, ஒரு நாள் வைரஸின் வளையம் அறுந்து நம்ம டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொள்ளலாம். அப்படி ஒட்டும்போது இ6, இ7-ஐ அளவோடு வைத்திருந்த பகுதி சிதைந்தால், இரண்டு பிரேக்கும் நிரந்தரமாகப் போச்சு. செல் பிரிஞ்சுக்கிட்டே இருக்கும், பழுது சேர்ந்துக்கிட்டே இருக்கும். வேடிக்கை என்னன்னா, இதில் வைரஸுக்கும் லாபமில்லை. அப்படிப்பட்ட புற்றுச் செல்லிலிருந்து புது வைரஸ் வெளியே வருவதில்லை.

1951-இல் அமெரிக்காவில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண் இந்த நோயால் இறந்தார். வயது 31, ஐந்து குழந்தைகள். அவரைக் கேட்காமலே எடுத்த புற்றுச் செல்கள் ஆய்வுக்கூடத்தில் சாகாமல் பெருகிக்கொண்டே இருந்தன. இன்றும் உலகம் முழுக்க ஆராய்ச்சிக்குப் பயன்படுது. பல வருஷம் கழித்து அந்தச் செல்களுக்குள் பார்த்தால், 18-ஆம் எண் வைரஸின் டி.என்.ஏ. ஒட்டிக்கொண்டிருந்தது. 16, 18 இரண்டையும் கண்டுபிடித்த ஜெர்மனியின் ஹரால்ட் சுர் ஹாசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆய்வுக்கூடத்தில் இ6, இ7-ஐ அடக்கினால், இத்தனை வருஷம் ஓடிய அந்தச் செல்களும் பிரிவதை நிறுத்திவிடுகின்றன.

வைரஸ் நுழைந்ததிலிருந்து புற்றாக மாற, நல்ல எதிர்ப்புச் சக்தி உள்ளவங்களுக்குப் பொதுவாக 15 முதல் 20 வருஷம் ஆகும். நமக்குக் கிடைக்கிற அவகாசம் அது. நடுவில் எப்போது பார்த்தாலும் பிடிச்சிடலாம். எப்படிப் பார்ப்பது? நீர்த்த அசெட்டிக் அமிலம், அதாவது வினிகர் மாதிரி ஒன்று. அதைப் பஞ்சில் தொட்டுக் கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிஷம் காத்திருந்தால், மாறத் தொடங்கிய இடம் வெள்ளையாகத் தெரியும். வெள்ளை என்றால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை, மேற்கொண்டு பார்க்கணும் என்றுதான் அர்த்தம். அநேகமாக அந்த இடத்தைக் குளிர்வித்தோ சுட்டோ அகற்றிவிடலாம். கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்லை.

இது பலன் தரும் என்று உலகத்துக்குக் காட்டிய இடங்களில் நம்ம திண்டுக்கல் மாவட்டமும் ஒன்று. 2000-ஆம் ஆண்டில் தொடங்கி, 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு ஒரே ஒரு முறை இந்தப் பரிசோதனை; செய்தவங்க பயிற்சி பெற்ற செவிலியர்கள். அழைத்த ஏறத்தாழ 49,000 பேரில் 31,000 பேர்தான் வந்தாங்க. அப்படியும், பரிசோதனை நடக்காத ஊர்களோடு ஒப்பிட்டபோது இந்த நோயால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்தது. 2007-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் இது வெளிவந்தது. மிச்சம் 18,000 பேரும் வந்திருந்தால் என்று நான் பல முறை நினைத்ததுண்டு. இந்தியாவில் இன்றும் வருஷத்துக்கு 75,000-க்கும் மேற்பட்ட பெண்கள் இதில் இறக்கிறாங்க.

தடுப்பூசிக்கு வருவோம். எல்1 புரதம் தானாக உருண்டையாகும் என்று சொன்னேனே. அந்த ஒரு புரதத்தை மட்டும் ஈஸ்ட்டில், நம்ம ரொட்டி உப்ப வைக்கிற ஈஸ்ட்டின் இனத்தில், செய்ய வைக்கிறாங்க. அது சேர்ந்து காலி ஓடாகிறது. உள்ளே டி.என்.ஏ. கிடையாது, அதனால் நோயைத் தர முடியாது. உடம்பு அந்த ஓட்டைப் பார்த்து அடையாளம் தெரிந்துவைத்துக்கொள்ளும். நிஜ வைரஸ் வரும்போது, செல்லில் ஒட்டுவதற்கு முன்பே பிடித்துவிடும். செல்லுக்குள் போய்விட்ட வைரஸை இந்த ஊசி வெளியேற்றாது. அதனால்தான் 9 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே போடச் சொல்றாங்க. புனேயில் தயாராகும் நம்ம நாட்டு ஊசி 2023-இல் வந்தது. பிள்ளை பெறும் தன்மை போயிடும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீங்க. காலி ஓட்டுக்குக் கர்ப்பப்பையில் வேலையே இல்லை.

பேசி முடித்ததும் சில கேள்விகள் வந்தன. "ஊசி போட்ட பிள்ளை பெரியவளானதும் பரிசோதனை வேண்டாமா?" வேண்டும், ஊசி எல்லா வகையையும் தடுப்பதில்லை. "எந்த நாளில் வரணும்?" மாதவிலக்கு நாட்களைத் தவிர எந்த நாளும், 30 வயது தாண்டியவங்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் செய்றாங்க. ஆனால் உறவுக்குப் பின் ரத்தம், மாதவிலக்கு நின்ன பிறகு ரத்தம், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், இது இருந்தால் முகாம் வரும்வரை காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்க.

கடைசி வரிசையிலிருந்து ஒரு அக்கா கேட்டாங்க: "எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தாச்சு, நானும் வரணுமா?" எதை எடுத்தாங்க, எதற்காக எடுத்தாங்க என்பதைப் பொறுத்தது. சில அறுவை சிகிச்சையில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டு வாய்ப்பகுதியை விட்டுவைப்பாங்க. அப்படியானால் பரிசோதனை தேவை. ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் தாளில் அது எழுதியிருக்கும். பெட்டியில் தேடி எடுத்துட்டு வாங்கக்கா, செவிலியர் பார்த்துச் சொல்வாங்க.