சரிவில் ஒரு சிறுதேர்

கோழியை விரட்ட மகளிர் எறிந்த பொற்குழை, குழந்தைகள் குதிரையின்றி உருட்டிய முக்கால் சிறுதேரின் வழியை மறித்ததாகப் பட்டினப்பாலை வர்ணிக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்துக் கடற்கரைச் சமதரை வேறு; பதுளையைச் சூழ்ந்த நம் தோட்டங்களின் மலைச்சரிவு வேறு. இஸ்தோப்பைத் தாண்டினால் படி, படிக்குக் கீழே கான், அதற்கப்பால் தேயிலை மலைக்கு இறங்கும் பாதை என்றிருக்கும் லயத்துக்குக் குழந்தை ஏறி ஓட்டும் வண்டி வாங்கப் பஜாருக்குப் போகும் பெற்றோர், அதன் வர்ணத்திலும் சங்கீதத்திலும் மயங்குமுன், குழந்தையை அதில் உட்காரவைத்து, இரு பாதங்களும் தரையில் முழுமையாகப் பதிகின்றனவா என்று பரீட்சித்தல் அவசியம். குழந்தைப் பிராயத்தில் பாதமே பிரேக்கு. ஆசனம் தாழ்ந்தும் சக்கரங்கள் அகன்றும் இருக்கட்டும். பக்கவாட்டில் மெல்லத் தள்ளினால் சாயும் வண்டி வேண்டாம். குழந்தையை நடுவே நிறுத்தி உருளும் வோக்கரோ வேண்டவே வேண்டாம். சிசுக்கள் அதனோடு படிகளில் உருண்டு தலையில் அடிபட்டமையால், கனடா தேசம் 2004ஆம் ஆண்டில் அதன் விற்பனையையே தடைசெய்துவிட்டது. பொத்தானை அழுத்தியதும் தானே ஓடும் மோட்டார் வண்டியைவிட, காலால் உந்தி ஓடுவதிலேதான் குழந்தைக்குப் பரமானந்தம் என்பது என் திடமான அபிப்பிராயம். கொழுந்து பறிப்பில்லாத ஞாயிறு மாலையில் வண்டியைக் கோயில் முற்றத்துக்குத் தூக்கிச் செல்லுங்கள். பள்ளத்துப் பக்கமாக நீங்கள் நின்றுகொள்ளுங்கள்.