ஆமைக்கு ஓடு வந்த கதை



ஓடுதான் ஆமையின் வீடு என்று பலரும் சொல்வார்கள். வீடு என்றால் வெளியே வரலாம் அல்லவா? ஆமையால் வர முடியாது. ஓடு அதன் உடம்பு.

உங்கள் மார்பைத் தொட்டுப் பாருங்கள். விலா எலும்புகள் தெரியும். ஆமைக்கு அந்த விலா எலும்புகளே அகன்று, முதுகெலும்போடு சேர்ந்து, முதுகு ஓடாகிவிட்டன. மனிதருக்குத் தோள்பட்டை எலும்பு விலாவுக்கு வெளியே இருக்கிறது. ஆமைக்கோ உள்ளே இருக்கிறது! மூச்சு விடும்போது நம் விலா ஏறி இறங்கும். ஆமையின் விலா அசையாது. அது வயிற்றுத் தசைகளால் மூச்சு விடுகிறது.

இப்படி ஓர் உடம்பு எப்படி வந்தது?

செத்த விலங்கின் எலும்பு சேற்றில் புதைந்து, பல காலம் கழித்துக் கல்லாகிவிடுவது உண்டு. அந்தக் கல் எலும்புகளே சாட்சி. ஜெர்மனியில் 21 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஆமை கிடைத்தது. 1887-இல் அதற்குப் பெயர் வைத்தார்கள். ஆனால் அதற்கும் முழு ஓடு இருந்தது. ஓடு தொடங்கிய கதையை அது சொல்லவில்லை.

2008-இல் சீனாவிலிருந்து செய்தி வந்தது. குய்சோ மாகாணத்தில் கிடைத்த ஆமை அதைவிடப் பழையது. 22 கோடி ஆண்டு! அதற்கு வயிற்றில் ஓடு உண்டு. முதுகில் இல்லை. விலா எலும்புகள் மட்டும் அகன்றிருந்தன. வாயில் பல்லும் இருந்தது. இன்றைய ஆமைக்குப் பல்லே கிடையாது. ‘பாதி ஓடுள்ள பல் ஆமை’ என்று பொருள்படும்படி விஞ்ஞானிகள் அதற்குப் பெயர் வைத்தார்கள். பொருத்தமான பெயர்தான். இன்றும் முட்டைக்குள் வளரும் குஞ்சுக்கு வயிற்று ஓட்டின் எலும்பே முந்தி உருவாகிறது.

தென் ஆப்பிரிக்காவில் 26 கோடி ஆண்டுகளுக்கு முன் யூனோட்டோசாரஸ் என்ற விலங்கு வாழ்ந்தது. அதற்கு ஓடு இல்லை. விலா மட்டும் மிக அகலம். அதன் எலும்புக்கூடு ஒன்றை, தந்தையின் பண்ணையில், 8 வயதுச் சிறுவன் கண்டெடுத்தான். நீளம் ஒரு சாண்கூட இல்லை. அதில் கையும் காலும் நன்றாக இருந்தன.

அகன்ற விலா ஓட்டத்தைக் குறைக்கும். மூச்சு விடுவதும் சிரமம். பிறகு எதற்கு அது? மண் தோண்ட என்று 2016-இல் விஞ்ஞானிகள் சொன்னார்கள். கடப்பாரை போடுகிறவர் காலை ஊன்றி நிற்பார். ஊன்றாவிட்டால் குத்து இறங்காது. அதுபோல அகன்ற விலா, தோண்டும்போது உடம்பை அசையாமல் நிறுத்தியது. பாதுகாப்புக்கு ஓடு உதவியது பிறகுதான் என்பது அவர்கள் கருத்து.

எல்லோரும் இதை ஏற்கவில்லை. சீனத்து ஆமை நீரில் வாழ்ந்தது, கீழிருந்து பாயும் எதிரியைத் தடுக்கவே வயிற்று ஓடு முதலில் வந்தது என்கிறார்கள் சிலர்.