வலையின் கண்ணும் பிணைப்பும்

ஒடுங்கிய இரண்டு உடல்களைக் குறுக்குச் சட்டங்களால் இணைத்தால் சிறிய பாய்மரக் கட்டமரான். அந்த உடல்களுக்கு நடுவே இழுத்துக் கட்டும் வலை அல்லது துணி விரிப்பைப் படகோட்டிகள் டிராம்போலின் என்பார்கள். உட்காருவது, ஊர்வது, பாயை இறக்கும்போது மண்டியிடுவது எல்லாம் அதன்மேல்தான். வாங்கப் போகிறவர் எடுத்த எடுப்பில், "எவ்வளவு எடை தாங்கும்?" என்று கேட்பார். அலை ஏறினால் தண்ணீர் எவ்வளவு விரைவில் இறங்கும் என்பதைத்தான் அவர் முதலில் கேட்கவேண்டும் என்பேன். ஒரு கனமீட்டர் கடல்நீர் ஆயிரம் கிலோவுக்கும் மேல். அணியம் அலைக்குள் புதையும்போது அந்தப் பாரம் முன்வலையில் தங்கிவிட்டால், படகு தலைகுப்புறக் கவிழவும் கூடும்.

அதற்காகப் பெரிய கண் உள்ள வலையே எல்லாருக்கும் நல்லது என்று சொல்லமாட்டேன். கலிபோர்னியாவின் ஹோபி ஆல்ட்டர் உருவாக்கிய ஹோபி 16 போன்ற கரைப்படகில், ஒவ்வொரு திருப்பத்திலும் ஆட்கள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சறுக்கிப் போகவேண்டும். அங்கே பெரிய கண் கால்விரலைப் பிடிக்கும். முடிச்சு முழங்காலைத் தேய்த்துவிடும். நெருக்கமாக நெய்து, நீர் மட்டும் வடியும் துணியே அதற்கு ஏற்றது.

கடலோடும் சிறு படகு வேறு. ஜேம்ஸ் வாரம் வடிவமைத்த டிக்கி 21 சுமார் 6.4 மீட்டர் நீளந்தான். அதில் ஒன்றை ஓட்டி, ரோரி மெக்டூகல் 1991 முதல் 1997 வரை உலகையே சுற்றிவந்தார். அந்த வகைப் படகின் முன்பகுதிக்கு, 25 மில்லிமீட்டர் அளவுக் கண் கொண்ட, முடிச்சில்லாத பாலியஸ்டர் வலையைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். பாதம் வலிக்காது, தண்ணீரும் தேங்காது. அடியிலிருந்து அலை மோதினால் கண்கள் வழியே பீறிட்டு மேலே போய்விடும்.

மற்ற இழைகளில், நைலான் நனைந்தால் நீண்டு தொய்யும். பாலிப்ரோப்பிலின் மிதக்கும், விலையும் குறைவு. ஆனால் வெயிலைத் தாங்கும் சேர்மானம் இல்லாவிட்டால் சீக்கிரம் பொடிந்துபோகும். டைனீமா மிக இலேசு, மிக வலு. அந்த வலுவுக்குப் பணம் கொடுக்கும் தேவை சிறிய படகில் பெரும்பாலும் இல்லை. எஞ்சிய பணத்தை நல்ல ஓரக்கயிற்றிலும் பிணைக்கயிற்றிலும் போடுங்கள்.

ஏனென்றால், நல்ல வலையும் பிணைப்பு விட்டால் ஆளைத் தாங்காது. முழு ஓரத்தையும் ஒரே நீளக் கயிற்றால் கோத்து இழுத்தால் இறுக்கம் சீராகப் பரவும், வேலையும் சுலபம். ஆனால் அந்தக் கயிறு ஓரிடத்தில் அறுந்தால் பக்கம் முழுவதும் நெகிழ்ந்துவிடும். அதனால் ஒவ்வொரு பக்கத்தையும் பல துண்டுக் கயிறுகளால், துண்டுக்குத் துண்டு முடிச்சிட்டுக் கட்டுவதையே நான் விரும்புகிறேன். நேரம் பிடிக்கும்தான். இரவில், குளிரில், தனியாக அணியத்துக்கு ஊர்ந்து போகிறவருக்கு அந்த நேரம் பெரிதல்ல.

வலையைச் சட்டத்தின் விளிம்பு வரை வெட்டிவிடாதீர்கள். சுற்றிலும் சில அங்குலம் இடம் விட்டால்தான் புதுவலை தளரும்போது மறுபடி இறுக்கமுடியும். கயிறு உலோகத்தில் உரசும் இடங்களை விரலால் தடவிப் பாருங்கள். இழை பஞ்சாகப் பிரிந்திருந்தால் அன்றே மாற்றிவிடுங்கள். பருவம் தொடங்கும் முன், படகு கரையில் நிற்கும்போதே, வலையின் ஒவ்வொரு மூலையிலும் முழு எடையோடு குதித்துப் பாருங்கள்.