மக்கள் பங்குப் பொருளா?



இந்நீலமலைத் தோட்டங்களில் கொழுந்து பறிப்போருள் பலரைச் ‘சிலோன்காரர்’ என்கிறோம். அவர்தம் வரலாறு யாது?

இலங்கை மலைகளைத் தேயிலைத் தோட்டங்களாக்கியவர் தமிழர். விடுதலை பெற்ற அந்நாடு, 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களையே நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமாவோ–சாத்திரி உடன்படிக்கை, அவர்களைக் கேளாமலே, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இருநாடும் செம்பாதியாகப் பிரித்துக்கொண்டன. மாந்தர் என்ன தேயிலைப் பெட்டிகளா?

இங்கு வந்தோர்க்கென 1968இல் தமிழக அரசு தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. வேலை கிட்டியது, பெயர் மாறவில்லை. அங்கே ‘இந்தியர்’, இங்கே ‘சிலோன்காரர்’!

நாட்டொருமை என்பது ஒரே மொழியன்று. உழைத்து வாழும் மண்ணில் ஒத்த உரிமை. இதனை இலங்கையிடம் கேட்கும் நாம், இம்மலையின் தொதுவர், கோத்தர், குறும்பர், இருளர், படகர் மொழிகளையும் மதித்துக் காத்தல் வேண்டும். நமக்குக் கேட்பதைப் பிறர்க்கும் வழங்குவோம். அதுவே தமிழறம்!