முந்திரி மக்ரூனும் ஒரு பிரெஞ்சு ஊரும்



தூத்துக்குடிக்கு வந்து போகிறவர்கள் மக்ரூன் வாங்காமல் ரயிலேறுவது அரிது. பேக்கரி வாசலில் நின்று அரைக் கிலோவோ கால் கிலோவோ நிறுத்து வாங்கிக்கொண்டுதான் போவார்கள். அந்த மக்ரூனுக்கு மூத்த உறவு ஒன்று பிரான்சில் இருக்கிறது. இன்றைய உரை அதைப் பற்றித்தான்.

பிரான்சின் தென்மேற்கில், போர்தோ நகருக்குக் கிழக்கே, சாந்த் எமிலியோன் என்றொரு சிற்றூர். ஊரைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டிய மட்டும் திராட்சைத் தோட்டங்கள். அங்கே தயாராகும் சிவப்பு ஒயினுக்கு உலகமெங்கும் பெயர். பாறையைக் குடைந்தே எடுத்த பழைய தேவாலயம் ஒன்றும் அங்கு உண்டு. 1999-இல் யுனெஸ்கோ அந்த ஊரையும் தோட்டங்களையும் சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. அங்கே 1848-இல் தொடங்கிய விடுதி ஒன்று, லோஜி த லா கதேன், பின்னாளில் மிஷலின் நட்சத்திரம் பெற்ற உணவகம்.

ஆனால் அந்த உணவகத்தை விடவும் இரண்டு நூற்றாண்டு மூத்தது அந்த ஊரின் மக்ரோன் என்ற இனிப்பு. 1620-இல் உர்சுலைன் சபைக் கன்னியர் செய்யத் தொடங்கியது என்கிறார்கள். வாதுமைப் பருப்பு, சர்க்கரை, முட்டையின் வெள்ளைக்கரு. அவ்வளவுதான். பாரிஸ் கடைகளில் இரண்டு வில்லைகளுக்கு நடுவே கிரீம் வைத்து வண்ண வண்ணமாக அடுக்கியிருப்பது பின்னால் வந்தது. சாந்த் எமிலியோன் மக்ரோனுக்கு வண்ணமும் இல்லை, கிரீமும் இல்லை. சுட்ட காகிதத்தில் ஒட்டியது ஒட்டியபடியே விற்கிறார்கள். ஊர்க்காரர்கள் அதை ஒயினோடு சேர்த்துச் சாப்பிடுகிறார்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம். இங்கும் அதே வெள்ளைக்கரு, அதே சர்க்கரை. வாதுமை இருந்த இடத்தில் முந்திரி. வேறு எதுவும் சேர்ப்பதில்லை.

மூன்றே பொருள் என்பதால் எளிய வேலை என்று நினைத்துவிட வேண்டாம். மூன்றே பொருள் இருக்கும்போது தவறை மறைக்க இடமில்லை. வெள்ளைக்கருவில் துளி மஞ்சள் கரு விழுந்தாலும் நுரை சரியாக எழும்பாது. சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு அடித்துக்கொண்டே வர வேண்டும். பாத்திரத்தைச் சாய்த்தாலும் நுரை அசையாமல் நிற்பதுதான் பதம். அதில் முந்திரித் தூளைக் கலக்கும்போதுதான் கைப்பழக்கம் தெரியும். அழுத்திக் கிண்டினால் நுரை அடங்கிப்போகும். மேலோடு புரட்டி விட்டால் பருப்பு ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். கலந்ததைக் கூம்பாகச் சுருட்டிய தாளில் அடைத்து, தட்டில் பிழிந்து, மேலே லேசாக ஓர் இழுப்பு. அந்த இழுப்பில் வருவதுதான் மக்ரூனின் கூர் மூக்கு. பிறகு தணிந்த சூட்டில் நெடுநேரம் அடுப்பில் இருக்கும். விறகு அடுப்பு வைத்திருக்கும் பழைய பேக்கரிகளில் அந்தச் சூட்டைக் கண்ணாலும் கையாலும்தான் அளக்கிறார்கள். நம் கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். சர்க்கரையோ ஈரத்தை இழுக்கும். ஆறியவுடன் காற்றுப் புகாமல் கட்டாவிட்டால் மொறுமொறுப்புப் போய், பல்லில் ஒட்டத் தொடங்கிவிடும். இத்தனை ஈரமுள்ள ஊரில் இப்படியொரு பலகாரம் நிலைத்ததே அதைச் செய்கிறவர்களின் திறமைக்குச் சான்று.

இது எப்படி இங்கே வந்தது? போர்ச்சுகீசியர் கொடுத்தது என்று சொல்வார்கள். 16-ஆம் நூற்றாண்டிலேயே அவர்கள் இந்த முத்துக்குளிக் கடற்கரைக்கு வந்துவிட்டார்கள். பனிமய மாதா ஆலயம் அந்தக் காலத்தில் எழுந்தது. பிரேசிலிலிருந்து முந்திரியை இந்தியாவுக்குக் கொண்டுவந்ததும் அவர்களே. திருச்செந்தூர்ப் பக்கம் தேரிக்காட்டுச் செம்மணலில் பனைகளுக்கு நடுவே கொல்லாமரம் என்ற முந்திரி மரம் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் அந்த வழியாக வந்த மரந்தான். இன்னொரு சாரார், இலங்கைக்குப் போய் பேக்கரி வேலை கற்று வந்தவர்கள் தொடங்கியது என்பார்கள்.

எனக்கு இரண்டாவது பேச்சில்தான் நம்பிக்கை அதிகம். பருப்பு வருவது ஒன்று, அடுப்புத் தொழில் வருவது வேறு. 1914-இல் பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடி வழி ஏற்படும் வரை, சென்னையிலிருந்து கொழும்பு போகிறவர்கள் தூத்துக்குடியில் ரயிலை விட்டு இறங்கித்தான் கப்பலேறினார்கள். 1906-இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியும் கொழும்புக்குத்தான் கப்பல் விட்டது. அப்படிப் போய்வந்த கப்பல்களில் ஆட்களோடு கைத்தொழிலும் வந்து இறங்கியிருக்கும். முந்திரி மரத்தைக் கொண்டுவந்தவர்கள் போர்ச்சுகீசியர். அதை மக்ரூனாக்கியவர்கள் நம் பேக்கரித் தொழிலாளர்கள். பெருமை அவர்களுக்கே சேர வேண்டும்.

சாந்த் எமிலியோன்காரர்களுக்கு 1620 என்ற ஆண்டு மனப்பாடம். அந்த ஆண்டைச் சொல்லித்தான் மக்ரோனை விற்கிறார்கள். உணவகம் 1848-ஐச் சொல்கிறது. பலகாரத்துக்கு வரலாறு உண்டு என்று அவர்கள் கருதுவதால் அது பதிவாகியிருக்கிறது. நம்மிடம் மக்ரூன் இருக்கிறது, அதன் வரலாறு பெரும்பாலும் வாய்ப்பேச்சாகவே இருக்கிறது. முத்துக்கும் உப்புக்கும் கப்பலுக்கும் புத்தகம் எழுதிய ஊர், விடியுமுன்னே முட்டை உடைத்து நுரை அடித்தவர்களையும் எழுதி வைக்க வேண்டாமா?

தூத்துக்குடி நேயர்களே, உங்கள் தாத்தாவோ அவர் தகப்பனாரோ பேக்கரியில் வேலை பார்த்திருந்தால், கொழும்பில் அடுப்படியில் நின்றிருந்தால், வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். யாரிடம் தொழில் கற்றார், எந்தத் தெருவில் அடுப்பு இருந்தது, முந்திரி எங்கிருந்து வந்தது என்று ஒரு பக்கம் எழுதினாலும் போதும். பழைய கணக்கு நோட்டு, கடைப் படம் எது இருந்தாலும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.