தித்தெயாவின் குஞ்சுகள்

இலங்கையின் தென்மேற்கே, களனி கங்கை முதல் நில்வளா கங்கை வரையுள்ள பிரதேசத்தின் நிழல் செறிந்த சிற்றோடைகளிலே, 5 சென்ரிமீற்றர் அளவே வளரும் செந்நிற மீனொன்று வாழ்கின்றது. இது நம் நாட்டுக்கே உரியது. சிங்கள மக்கள் இதனைத் தித்தெயா என்பர். 1929ஆம் ஆண்டில் இதனை அறிவியலுலகுக்கு அறிமுகஞ் செய்த அறிஞர் தெரணியகல, அப்பெயரையே இனப்பெயராகவும் சூட்டினார். மேனாட்டார் செரிப்பழத்தின் நிறங்கண்டு 'செரி பார்ப்' என்று அழைக்கின்றனர்.

எமது பாடசாலை மாணவன் ஒருவன் விஞ்ஞான கூடத்துத் தொட்டியிலே இம்மீன்களை வளர்த்தான். ஒருநாட் காலை அவை முட்டையிட்டிருந்தன. மகிழ்ச்சியோடு என்னை அழைத்துச் சென்று காட்டினான். இடைவேளையின் பின்னர் நோக்கியபோது ஒரு முட்டையேனும் எஞ்சியிருக்கவில்லை.

"தாயே தின்றுவிட்டதா, சேர்?" என்று கண்கலங்கக் கேட்டான்.

உண்மை அதுவே. இவ்வின மீன்கள் கூடு கட்டுவதுமில்லை, முட்டைகளைக் காப்பதுமில்லை. செடிகளிடையே சிதறிவிட்டு அகன்றுவிடும். ஓடையிலே சருகும் வேரும் அவற்றை மறைத்துக்கொள்ளும். கண்ணாடித் தொட்டியிலோ மறைவிடமில்லை. எனவே குற்றம் மீனுடையதன்று. தொட்டியை அமைத்த எம்முடையதே.

மறுமுறை வேறொரு தொட்டியை ஆயத்தஞ் செய்தோம். அடியிலே சிறுவர் விளையாடும் கண்ணாடிப் போளைகளை நெருக்கமாகப் பரப்பினோம். விழும் முட்டைகள் இடுக்குகளிற் புகுந்துவிடும். மீனின் வாய் அங்கு எட்டாது. அவற்றின்மேல் ஜாவாப் பாசியை இட்டோம். ஆணையும் பெண்ணையும் ஒரு வாரம் பிரித்துவைத்து, நுளம்புக் குடம்பிகளை உணவாகக் கொடுத்தோம். பின்னர் ஒரு மாலையில் இரண்டையும் அத்தொட்டியில் விட்டோம். முட்டையிட்டு முடிந்தவுடன் இரண்டையும் வெளியே எடுத்தோம். இதுவே முதன்மையான விதி.

ஓரிரு நாளிற் குஞ்சு பொரிக்கும். அவை நீந்தத் தொடங்கிய பின்னரே உணவு வேண்டும். வைக்கோல் ஊறிய நீரில் உண்டாகும் நுண்ணுயிர்களே முதலுணவு. மிகுதியாக இட்டால் நீர் கெட்டுக் குஞ்சுகள் மடியும்.

காடழிந்தமையாலும், விற்பனைக்காக ஓடைகளில் அளவின்றிப் பிடித்தமையாலும் இம்மீன் அருகி வந்துள்ளது. தொட்டியிற் பிறந்த மீனை வாங்குபவர், ஓடையின் மீனை ஓடையிலேயே வாழவிடுகின்றார். ஆயினும் வீட்டில் வளர்த்தவற்றை ஆற்றில் விடுதல் தகாது, நோயும் உடன்செல்லக்கூடும்.

அம்மாணவன் அம்முறை எண்ணிய குஞ்சுகள் நாற்பத்தொன்று. ஒவ்வொரு காலையும் முதல் மணி அடிக்குமுன் வந்து, அவற்றை மீண்டும் எண்ணிய பின்னரே வகுப்புக்குச் சென்றான்.