பஞ்சாபில் உழவர் கட்சியின் ஏற்றமும் இறக்கமும்



உழவர்களுக்கென்று தனியாக ஓர் அரசியல் கட்சி வேண்டும் என்ற பேச்சு நம் கிராமங்களில் அவ்வப்போது எழுவதுண்டு. அத்தகைய கட்சி ஒன்று நம் நாட்டிலேயே 1937 முதல் 1947 வரை ஒரு மாகாணத்தின் ஆட்சியை நடத்தியிருக்கிறது. பிரிவினைக்கு முந்திய பஞ்சாபின் யூனியனிஸ்ட் கட்சியே அது. அதன் வரலாற்றை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

பஞ்சாபில் ஆங்கிலேயர் கால்வாய்களை வெட்டிய பின் நிலத்தின் விலை ஏறிற்று. நிலத்தின் விலை ஏறவே அதன்மேல் கடன் கிடைப்பதும் எளிதாயிற்று. விளைந்தாலும் விளையாவிட்டாலும் வரியைப் பணமாகக் கட்ட வேண்டும். ஆகவே குடியானவர் லேவாதேவிக்காரரை நாடினர். நிலம் போக்கியத்துக்குப் போயிற்று. பிறகு கைவிட்டே போயிற்று. பட்டாளத்துக்கு ஆள் தந்த குடும்பங்கள் நிலமிழந்தால் அமைதி கெடும் என்று அரசாங்கம் அஞ்சியது. அதன் விளைவே 1900-ஆம் ஆண்டின் நில உரிமை மாற்றச் சட்டம். உழுகுடி வகுப்பினர் என்று ஒரு பட்டியல் தயாரித்து, அவர்கள் நிலத்தைப் பட்டியலுக்கு வெளியே உள்ளவர்கள் நிரந்தரமாக வாங்க முடியாதபடி அச்சட்டம் தடுத்தது. இந்தப் பட்டியலை மறவாதீர்கள். கட்சியின் பலமும் பலவீனமும் அதில்தான் இருந்தன.

1923-இல் சட்டசபைக்குள் யூனியனிஸ்ட் கட்சி உருவாயிற்று. அதைத் தோற்றுவித்தவர்களில் முதன்மையானவர் சர் பஜ்லி ஹுசேன். அவர் முஸ்லிம் வழக்கறிஞர். அவரோடு தோள் நின்றவர் சோட்டு ராம். ரோத்தக் ஜில்லாவைச் சேர்ந்த ஹிந்து ஜாட் குடியானவரின் மகன். மத பேதம் பஞ்சாபைப் பிளந்துகொண்டிருந்த காலத்தில், ஏர் பிடிப்பவனின் நலன் எம்மதத்தவனுக்கும் ஒன்றே என்ற அடிப்படையில் ஒரு கட்சி நின்றது என்பது சிறிய செய்தியன்று.

சோட்டு ராமைப் பற்றி ஒரு நிகழ்ச்சி வழங்கி வருகிறது. மகனின் படிப்புக்குக் கடன் கேட்க அவருடைய தந்தை சாம்ப்லா ஊரின் லேவாதேவிக்காரரிடம் மகனையும் அழைத்துக்கொண்டு சென்றாராம். அந்தத் தனவந்தரோ, தம் சொந்த மகன் சும்மா அமர்ந்திருக்க, வந்த முதியவரிடம் பங்காக் கயிற்றைத் தூக்கிப் போட்டு இழுக்கச் சொன்னாராம். இதை எந்த அளவுக்கு நம்புவது என்பது உங்கள் விருப்பம். ஆனால் பிற்காலத்தில் அந்த மகன் மந்திரியாகி நிறைவேற்றிய சட்டங்கள் ஐயத்துக்கு இடமில்லாதவை.

1937 தேர்தலில் 175 இடங்கள் கொண்ட சட்டசபையில் கட்சி பெரும்பான்மை பெற்றது. சர் சிக்கந்தர் ஹயாத் கான் பிரதமரானார். மறு ஆண்டிலேயே சட்டங்கள் வரிசையாக வந்தன. 1901 ஜூன் 8-க்கு முன் அடமானம் வைக்கப்பட்ட நிலங்களை உரியவர்கள் மனுச் செய்து மீட்டுக்கொள்ள ஒரு சட்டம் வழி செய்தது. அசலைப் போல் இரு மடங்கு பலனை அடமானம் பெற்றவர் ஏற்கனவே அனுபவித்திருந்தால், குடியானவர் ஒரு காசும் தர வேண்டியதில்லை. பதிவு செய்துகொள்ளாத லேவாதேவிக்காரர் கடனுக்காகக் கோர்ட்டுக்குப் போக முடியாது என்றது மற்றொரு சட்டம். (அதே 1938-இல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி மந்திரி சபையும் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்ததை இங்கே நினைவுகூரலாம்.)

இவற்றைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது 1939-ஆம் ஆண்டின் விளைபொருள் மார்க்கெட் சட்டம். மண்டிக்குக் கோதுமையை ஏற்றிச் சென்ற குடியானவரின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். துணிக்குள் கைவிட்டுத் தரகர்கள் விலை பேசுவார்கள். சரக்குக்கு உரியவருக்கு அது தெரியாது. தராசும் படிக்கல்லும் வியாபாரியுடையவை. தரகு, நிறுவைக் கூலி போதாதென்று கோசாலைக்கு, தர்மத்துக்கு, பெருக்குகிறவனுக்கு என்று பிடித்துக்கொண்டே போவார்கள். புதிய சட்டம் மண்டியை ஒரு கமிட்டியின் பொறுப்பில் வைத்து, அதில் விளைவிப்போருக்கும் இடம் தந்தது. நகரத்து வியாபாரிகள் கொதித்தெழுந்தனர். வியாபாரிக்குச் சமமாகக் குடியானவன் உட்கார்ந்து கணக்குக் கேட்பதா என்பதே அவர்களுடைய சினத்தின் சாரம்.

இவ்வளவு செய்த கட்சி ஏன் மறைந்தது? பட்டியலுக்குத் திரும்புவோம். உழுகுடி என்பது தொழிலைக் கொண்டு முடிவாகவில்லை. பிறப்பைக் கொண்டு முடிவாயிற்று. ஆயிரக்கணக்கான ஏக்கர் வைத்திருந்த ஜமீன்தார் அந்தப் பட்டியலில் இருந்தார். வாழ்நாளெல்லாம் பிறர் வயலில் உழைத்த தாழ்த்தப்பட்ட வகுப்பினர் அதில் இல்லை. அவர்கள் சிறுகச் சிறுகச் சேமித்தாலும் நிலம் வாங்க இயலவில்லை. பழைய லேவாதேவிக்காரர் ஒதுங்கிய இடங்களில் பட்டியலுக்குள்ளிருந்த பெரிய மிராசுதார்களே கடன் கொடுத்து, எளியவரின் நிலத்தைச் சேர்த்துக்கொண்டனர். வாரத்துக்குப் பயிர் செய்தவருக்குக் கட்சி பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. செய்யவும் முடியாது, அதன் தூண்களே நிலச்சுவான்தார்களாயிற்றே!

மேலும், கிராமத்தில் கட்சிக்குக் கிளை என்று சொல்லத்தக்கது எங்கும் வேரூன்றவில்லை. வயது வந்த அனைவருக்கும் அன்று வாக்குரிமை கிடையாது. செல்வாக்குள்ள குடும்பங்களும் தர்காக்களின் பீர்களும் சொன்னால் ஓட்டு விழும் என்ற நம்பிக்கையிலேயே கட்சி நடந்தது. போர்க்காலத்தில் துணிக்கும் சர்க்கரைக்கும் மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு வந்தபோது, குறையைக் கேட்கவும் விளக்கம் சொல்லவும் ஊரில் ஆளில்லை. 1942 டிசம்பரில் சிக்கந்தர் காலமானார். 1945 ஜனவரியில் சோட்டு ராமும் மறைந்தார். பக்ரா அணைக்காக அவர் கடைசி நாட்கள் வரை பாடுபட்டார். பிறகு அந்தக் குடும்பங்களும் பீர்களும் பெருமளவில் முஸ்லிம் லீகின் பக்கம் சென்றனர். 1946 தேர்தலில் கட்சிக்குக் கிடைத்தவை இருபதை ஒட்டிய இடங்களே. காங்கிரஸ், அகாலி துணையோடு கிஸர் ஹயாத் கான் திவானா ஆட்சியை ஓராண்டு தாங்கி, 1947 மார்ச் 2-இல் ராஜினாமா செய்தார். ஆகஸ்டில் பஞ்சாபே இரண்டாயிற்று.

உழுகுடிப் பட்டியல், அரசியலமைப்பு வந்தபின் இந்தியப் பஞ்சாபில் நீக்கப்பட்டது. மார்க்கெட் சட்டமோ கட்சி மறைந்த பின்னும் நடைமுறையில் இருந்து, 1961-இல் அதனினும் விரிவான சட்டத்துக்கு இடம் தந்தது. நமது ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு நெல்லோ கடலையோ கொண்டுசெல்லும்போது, அதன் கமிட்டியில் உழவர் சார்பில் யார் அமர்ந்திருக்கிறார்கள், அவர்களுள் எத்தனை பேர் குத்தகைக்கு உழுகிறவர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.